எழுநூறு குதிரைகள் எங்கே போயின?

சொகுசு கார் நிறுவனங்கள் விளம்பரத்தில் அச்சிடும் எண்களும், சாலையில் வெளிப்படும் உண்மையும்

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் 2016 டிசம்பரில் ஒரு வழக்கு விசாரணைக்கு வரவிருந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் 126 பேர். எல்லோரும் டெஸ்லா நிறுவனத்தின் ‘மாடல் எஸ் பி85டி’ கார் வாங்கியவர்கள். பிரேக் பிடிக்கவில்லை, எரிந்துபோனது என்பது போன்ற புகார் எதுவும் அந்த வழக்கில் இல்லை. அவர்கள் கேட்டது ஒரு கணக்கு. 700 குதிரைத்திறன் என்று சொல்லி எங்களுக்குக் கார் விற்றீர்கள், கிடைப்பது 469 தான், மீதி எங்கே?

விசாரணை தொடங்குமுன்பே டெஸ்லா சமரசத்துக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் 65,000 குரோனர் வரை, அன்றைய மதிப்பில் சுமார் ஐந்து லட்சம் ரூபாய், கிடைக்கும் என்று செய்திகள் வெளியாயின. அதே ஆண்டில் நார்வேயின் நுகர்வோர் தகராறு ஆணையமும் இதே காரைப் பற்றிய புகார்களில் வாடிக்கையாளர்கள் பக்கமே நின்றிருந்தது.

பல லட்சம் குரோனர் கொடுத்துக் கார் வாங்கியவருக்கு அந்தத் தொகை பெரிதாக இருந்திருக்காது. ஆனால், அந்த 126 பேர் எழுப்பிய கேள்வி பெரியது. காரின் அழகும் இருக்கையின் மென்மையும் ஆளுக்கு ஆள் மாறும் ரசனை. குதிரைத்திறன், உச்ச வேகம், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஆகியவை அப்படியல்ல. அவை அளந்து சொல்ல வேண்டியவை. அளந்து சொல்ல வேண்டிய ஒன்றை அளக்காமல் சொன்னாலோ, தனக்குச் சாதகமான நிலையில் மட்டும் அளந்து சொன்னாலோ அதற்கு யார் பொறுப்பு?

ஒரு கிணறு, இரண்டு மோட்டார்

பி85டி அறிமுகமானது 2014 அக்டோபர் 9 அன்று, கலிஃபோர்னியாவின் ஹாதோர்ன் நகரில். முன் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், பின் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார். முன்னது 221 குதிரைத்திறன், பின்னது 470. இரண்டையும் கூட்டி 691 என்று நிறுவனம் அறிவித்தது. ஐரோப்பாவில் புழங்கும் மெட்ரிக் அளவில் அதுவே 700. மணிக்கு 60 மைல் வேகத்தை 3.2 நொடிகளில் தொட்டுவிடும் என்றார்கள். நான்கு கதவு வைத்த குடும்பக் கார் ஒன்று, விளையாட்டுக் கார்களை ஓரங்கட்டப் போகிறது என்று உலகம் வாய்பிளந்தது.

கூட்டல் கணக்கில் தவறில்லை. ஆனால், அந்த இரண்டு மோட்டார்களுக்கும் மின்சாரம் தருவது ஒரே பேட்டரி. ஒரே கிணற்றில் இரண்டு பம்ப்செட் இறக்கினால், இரண்டின் ஹெச்.பி.யையும் கூட்டிச் சொல்லலாம். கிணறு ஊறும் அளவுக்குத்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும். பி85டி-யின் பேட்டரி ஊறும் அளவு 463 குதிரைத்திறன், மெட்ரிக்கில் 469. டெஸ்லா நிறுவனமே பின்னாளில் வெளியிட்ட எண் இது.

நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜே.பி. ஸ்ட்ராபெல் 2015 செப்டம்பரில் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். மின்சாரக் காருக்குக் குதிரைத்திறன் பொருத்தமான அளவுகோல் இல்லை. மோட்டாரின் திறன் ஒன்று, பேட்டரி தரக்கூடிய திறன் வேறொன்று. பேட்டரியின் திறன் சார்ஜ் அளவைப் பொறுத்தும் வெப்பநிலையைப் பொறுத்தும் மாறும் என்பது அதன் சாரம். அறிவியல்படி எல்லாமே சரி. மின்சார மோட்டாரைத் தனியாக வைத்து அளக்க சர்வதேச விதிமுறையும் இடம் தருகிறது. கார் வாங்குபவர் மோட்டாரைத் தனியாக வாங்குவதில்லை என்பதுதான் அதில் விடுபட்டுப்போன செய்தி.

டெஸ்லாவின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நின்ற இடத்திலிருந்து வேகமெடுப்பதில் தாங்கள் சொன்னது பொய்யாகவில்லை, பத்திரிகைகளின் சோதனைகளே அதற்குச் சாட்சி என்று அது வாதிட்டது. உண்மைதான். கார் புறப்படும் நேரத்தில் தேவைப்படுவது முறுக்குவிசையும் டயரின் பிடிப்பும். அவை பி85டி-யிடம் தாராளமாக இருந்தன. குதிரைத்திறனின் அருமை தெரிவது வேகம் கூடிய பிறகு. மணிக்கு 100, 120 கிலோமீட்டரைத் தாண்டி, எதிர்க்காற்றைப் பிளந்துகொண்டு மேலும் வேகமெடுக்கும்போதுதான், சொன்ன 700-க்கும் இருக்கும் 469-க்கும் உள்ள இடைவெளி ஓட்டுபவரின் முதுகுக்குத் தெரியும்.

குதிரைத்திறன் முக்கியமில்லை என்றால் அந்த எண்ணை ஏன் விளம்பரத்தில் போட்டார்கள்? அப்போது ஐரோப்பாவில் இதே ரகத்தில் இருந்த பிஎம்டபிள்யூ எம்5, ஆடி ஆர்எஸ்7 இரண்டும் 560 குதிரைத்திறன் கொண்டவை. 700 என்று எழுதினால் அவற்றைவிட ஒரு படி மேலே. 469 என்று எழுதினால் ஒரு படி கீழே. கடையில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாடிக்கையாளரின் முடிவை மாற்றக்கூடிய எண் அது.

2015 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. பேட்டரியிலிருந்து எடுக்கக்கூடிய மின்னோட்டத்தை 1,300 ஆம்பியரிலிருந்து 1,500 ஆம்பியராக உயர்த்தும் புதிய ஃபியூஸை நிறுவனம் கொண்டுவந்தது. பழைய பி85டி-யில் அதைப் பொருத்த 5,000 டாலர், கூலி தனி. காரில் 691 குதிரைத்திறன் ஏற்கெனவே இருப்பதாக நம்பியிருந்தவர்கள், தங்கள் காரின் மூச்சைப் பிடித்து வைத்திருந்தது எது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

அரை நூற்றாண்டுக்கு மேலான பழக்கம்

டெஸ்லாவை மட்டும் கூண்டில் ஏற்றினால் வரலாற்றுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் ‘இ-டைப்’ காரை அறிமுகப்படுத்தியது. உலகின் மிக அழகான கார்களில் ஒன்று என்று இன்றும் கொண்டாடப்படும் வண்டி. மணிக்கு 150 மைல் வேகம் என்பது அதன் பெருமை. பிரிட்டனின் ‘ஆட்டோகார்’ இதழ் ஓட்டிப் பார்த்து 150.4 மைல் என்று எழுதியது. ஏறக்குறைய 242 கிலோமீட்டர். அந்த ஒற்றை எண் இ-டைப்பை ஒரு கனவாக்கியது. ஆனால், பத்திரிகையாளர்களிடம் கொடுக்கப்பட்டவை தனிக் கவனத்தோடு தயார் செய்யப்பட்ட வண்டிகள். பந்தய டயர் பூட்டியவை. பணம் கட்டிக் காத்திருந்து வாங்கியவர்களின் கார்கள் பெரும்பாலும் 140 மைலைச் சற்றே தாண்டியதோடு நின்றன.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், அமெரிக்காவில், மிகைப்படுத்துவதற்கு முறையான ஏற்பாடே இருந்தது. 1970-களின் தொடக்கம்வரை அங்கே எஞ்சினை வண்டியிலிருந்து தனியே எடுத்து, காற்று வடிகட்டி, ஆல்டர்னேட்டர், சைலன்ஸர் ஆகிய சுமைகள் எதுவும் இல்லாமல் ஓட்டி, கிடைத்ததைக் குதிரைத்திறன் என்று எழுதினார்கள். எஞ்சினை வண்டியில் இருக்கும் கோலத்திலேயே அளக்கும் முறை 1972-ல் வழக்கத்துக்கு வந்தது. காடிலாக் எல்டொராடோ என்ற ஆடம்பரக் காரின் 8.2 லிட்டர் எஞ்சின் 1971-ல் 365 குதிரைத்திறன் என்று பெயர் பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு 235 ஆனது. எஞ்சின் மெலியவில்லை, தராசு மாறியது.

இந்த இரண்டு கதைகளும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. எண் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த வண்டியை, எந்த நிலையில் அளந்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டாலே போதும், வாங்குபவர் ஏமாந்துவிடுவார்.

ஓர் அடியின் விலை

இன்று இந்தக் கலை நொடியின் பின்னங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2021-ல் வந்த டெஸ்லாவின் ‘மாடல் எஸ் பிளேட்’ மணிக்கு 60 மைல் வேகத்தை 1.99 நொடியில் எட்டும் என்பது விளம்பரம். இரண்டு நொடிக்குள் என்பதே அதன் கவர்ச்சி. அருகில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: புறப்பட்ட பிறகு நகரும் முதல் ஓர் அடிக்கான நேரம் கழிக்கப்பட்டுள்ளது.

அமெரிக்க டிராக் பந்தயங்களில் காலங்காலமாக உள்ள வழக்கம் இது. அங்குள்ள பல பத்திரிகைகளும் இப்படித்தான் அளக்கின்றன. ஆனால், வேகமான காருக்கு அந்த முதல் ஓர் அடி ஏறக்குறைய கால் நொடியைத் தின்றுவிடும். அதைச் சேர்த்தால் ‘இரண்டு நொடிக்குள்’ என்ற வாசகம் நிற்காது. ‘மோட்டார் டிரெண்ட்’ இதழ் பிளேட் காரை ஓட்டிப் பார்த்தபோது, டயர் ஒட்டிக்கொள்ளும்படி பசை பூசிய பந்தயத் தடத்தில் 1.98 நொடியும், சாதாரணத் தார்ப்பரப்பில் 2.07 நொடியும் ஆயின. இரண்டுமே அந்த ஓர் அடியைக் கழித்த பிறகு வந்த கணக்கு. நாம் கார் ஓட்டும் எந்தச் சாலையிலும் பசை பூசியிருப்பதில்லை.

விலை கூடக்கூட நேர்மையும் கூடும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். 2010-ல் புகாட்டி ‘வேய்ரான் சூப்பர் ஸ்போர்ட்’ மணிக்கு 431 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் கின்னஸ் சாதனை படைத்தது. வாடிக்கையாளர்களுக்கு விற்ற கார்களிலோ, டயர்களின் பாதுகாப்புக்காக, வேகம் 415-க்கு மேல் போகாதபடி கட்டுப்பாடு வைக்கப்பட்டிருந்தது. இதைக் காரணம் காட்டிக் கின்னஸ் 2013-ல் சாதனையை ரத்து செய்தது. வேகக் கட்டுப்பாட்டை நீக்குவதால் காரின் அடிப்படை அமைப்பு மாறிவிடவில்லை என்று சொல்லிச் சில நாட்களில் திருப்பியும் கொடுத்தது. சாதனை நிலைத்தது. விற்பனைக்கு வந்த கார்களின் கட்டுப்பாடும் அப்படியே நிலைத்தது.

இரண்டாவது, அமெரிக்காவின் எஸ்எஸ்சி நிறுவனத்தின் ‘டுவடாரா’. 2020 அக்டோபர் 10 அன்று நெவாடா மாநில நெடுஞ்சாலை ஒன்றில் சராசரியாக மணிக்கு 508 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதாக நிறுவனம் அறிவித்தது. காணொளியும் வெளியிட்டது. அதைப் பார்த்த கார் பிரியர்கள் சிலர், சாலையோரத்து அடையாளங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வரைபடத்தில் அளந்தார்கள். காணொளியில் கார் அதைக் கடக்கும் நேரத்தைக் குறித்தார்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். சொன்ன வேகம் வரவில்லை. 2021 ஜனவரியில் ஃபுளோரிடாவில் மீண்டும் ஓட்டியபோது கிடைத்த சராசரி 455 கிலோமீட்டர். முதலில் சொன்ன வேகத்தை நெவாடாவில் எட்டவே இல்லை என்று அந்த ஆண்டின் நடுவில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 455 என்பதே மலைக்க வைக்கும் வேகம். முதலில் இதைச் சொல்லியிருந்தால் உலகம் எழுந்து நின்று கைதட்டியிருக்கும்.

குளிரில் சுருங்கும் தூரம்

உச்ச வேகத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடாமல் இருந்துவிடலாம். மின்சாரக் கார் ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்பது அன்றாடக் கவலை. இரவு நேரத்தில், நெடுஞ்சாலையில், குடும்பத்தோடு போகும்போது அந்த எண் பொய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

2023 ஜனவரியில் தென்கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் டெஸ்லாவுக்கு 285 கோடி வோன் அபராதம் விதித்தது. விளம்பரத்தில் சொன்ன தூரம், கடுங்குளிரில் 50.5 சதவீதம்வரை குறைகிறது. அதை வாடிக்கையாளர்களிடம் சொல்லவில்லை என்பது ஆணையத்தின் முடிவு. அதே ஆண்டு ஜூலையில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. கார் சொன்ன தூரம் ஓடவில்லை என்று சர்வீஸுக்கு நேரம் கேட்பவர்களின் முன்பதிவுகளை ரத்து செய்வதற்கென்றே லாஸ் வேகஸில் டெஸ்லா ஒரு குழுவை அமைத்திருந்தது என்றது அந்தச் செய்தி. அமெரிக்க அரசின் சோதனை விதிகள் திருத்தப்பட்ட பின், 2024 ஜனவரியில் மாடல் எஸ் பிளேட் ஓடும் தூரம் 396 மைலிலிருந்து 359 மைலாகக் குறைத்து எழுதப்பட்டது.

எல்லோரும் இப்படித்தான், வேறு வழியில்லை என்று சொல்பவர்களுக்கு போர்ஷே பதில் சொல்கிறது. 2020-ல் அதன் ‘டைகான் 4எஸ்’ காருக்கு அரசுச் சான்றிதழில் இருந்த தூரம் 203 மைல். ‘எட்மண்ட்ஸ்’ என்ற அமெரிக்கக் கார் ஆய்வு நிறுவனம் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது 323 மைல் ஓடியது. அதே சோதனை வரிசையில் டெஸ்லா கார்கள் சான்றிதழில் சொன்ன தூரத்தை எட்ட முடியாமல் தடுமாறின. குறைத்துச் சொல்லி அதிகம் கொடுக்க முடியும். அதற்கு மனம் வேண்டும். முதல் சில மாதங்கள் போட்டியாளரின் பெரிய எண்ணுக்கு முன்னால் சிறியவராகத் தெரியும் துணிச்சல் வேண்டும்.

பணக்காரர்களின் பிரச்சினைதானே?

கோடி ரூபாய்க்குக் கார் வாங்குபவரின் குறைக்கு நாம் ஏன் பரிந்து பேச வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, வசதி படைத்தவரிடம் வழக்கறிஞர் வைக்கப் பணம் இருக்கிறது. நிபுணரை அழைத்து அளந்து பார்க்க வழி இருக்கிறது. நார்வேயின் 126 பேர் ஒன்று சேர்ந்து நின்றபோதுதான் உலகின் மிகச் செல்வாக்கான கார் நிறுவனம் ஒன்று இறங்கி வந்தது. அதே நேரம், தவணையில் ஸ்கூட்டரோ சிறிய காரோ வாங்குபவரும் இதே வகை எண்களைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர், ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை வைத்துத்தான் மாதச் செலவைத் திட்டமிடுகிறார். எண் பொய்த்தால் அவருடைய வீட்டுக் கணக்கு உடைகிறது. அவரால் ஆஸ்லோ போல ஒரு வழக்கு நடத்த முடிவது அரிது.

இரண்டாவது, பெரிதாகச் சொல்பவன் தண்டனையின்றித் தப்பும் சந்தையில், உள்ளதைச் சொல்பவன் விற்பனையில் தோற்பான். பிறகு அவனும் கூட்டிச் சொல்லக் கற்றுக்கொள்வான்.

இந்தியாவில் மைலேஜ் எண் பெரும்பாலும் சோதனைக்கூடத்தில் பிறக்கிறது. உருளைகளின் மேல் காரை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, வகுத்து வைத்த ஒழுங்கில் ஓட்டுகிறார்கள். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு, நெரிசலில் ஊர்ந்தும் நெடுஞ்சாலையில் பறந்தும் போகும் வண்டிக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்? 32 கிலோமீட்டர் மைலேஜ் என்ற விளம்பரத்தை நம்பி ஃபோர்டு கார் வாங்கிய கேரளப் பெண்மணி ஒருவர் வழக்குப் போட்டார். மைலேஜ் சுமார் 40 சதவீதம் குறைவு என்று உறுதியானதால், அவருக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் இழப்பீடு தரச் சொல்லித் திருச்சூர் நுகர்வோர் மன்றம் 2022-ல் உத்தரவிட்டது.

நம் கையில் சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான விவரத்தை மட்டும் தவறான விளம்பரம் என்று சொல்லவில்லை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரமே என்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தவறுக்குப் பத்து லட்சம் ரூபாய்வரையும், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம்வரையும் அபராதம் விதிக்கலாம். சிறுகுறிப்பில் ஒளித்து வைக்கும் நிபந்தனைகளை இந்த வரையறைக்குள் கொண்டுவர வேண்டிய வேளை வந்துவிட்டது. டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்திருக்கிறது. சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டி தொழிற்சாலையில் பிஎம்டபிள்யூ 2007 முதல் கார்களைப் பூட்டி அனுப்புகிறது. உலகத்தரக் கார்கள் இங்கே வரும்போது உலகத்தரமான வெளிப்படைத்தன்மையும் கூடவே வர வேண்டும்.

செய்ய முடிந்ததுதான்

தவறைத் திருத்திக்கொண்ட நிறுவனங்களும் உண்டு. 1999-ல் ஃபோர்டு தன் ‘மஸ்டாங் கோப்ரா’ 320 குதிரைத்திறனை எட்டவில்லை என்று தெரிந்ததும் விற்பனையை நிறுத்தியது. விற்றவற்றைத் திரும்ப அழைத்து, குறையுள்ள பாகங்களை மாற்றிக் கொடுத்தது. 2003-ல் மாஸ்டா தன் ‘ஆர்எக்ஸ்-8’ காரின் 247 குதிரைத்திறனை 238 என்று அமெரிக்காவில் திருத்தியது. வித்தியாசம் ஒன்பதுதான். ஆனாலும், வேண்டாமென்றால் காரைத் திருப்பிக் கொடுங்கள், வைத்துக்கொண்டால் 500 டாலரும் இலவசப் பராமரிப்பும் தருகிறோம் என்றது. நம் நாட்டிலேயே டாடா நிறுவனம் ‘கர்வ்’ மின்சாரக் காரை 2024-ல் கொண்டுவந்தபோது, சோதனைக்கூட எண்ணான 585 கிலோமீட்டரோடு, வாடிக்கையாளர் கையில் 400 முதல் 425 கிலோமீட்டர் கிடைக்கும் என்றும் சேர்த்தே சொன்னது. இந்த வழக்கம் ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணமாக நின்றுவிடாமல் எல்லோருக்கும் விதியாக வேண்டும்.

வாங்குபவர்களாகிய நாமும் கேட்கப் பழக வேண்டும். இந்தக் குதிரைத்திறன் மோட்டாருக்கா, முழு வண்டிக்கா? பேட்டரி பாதியாக இருக்கும்போது எவ்வளவு? இந்தத் தூரம் எந்தச் சோதனை முறைப்படி வந்தது, ஏ.சி. ஓடியதா, எந்த வேகத்தில் ஓட்டினார்கள்? விற்பனையாளர் சொல்லும் பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். விளம்பரத் தாளைக் காரின் ஆவணங்களோடு பத்திரப்படுத்துங்கள். நாளை நுகர்வோர் மன்றத்தில் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

அரசு செய்ய வேண்டியது மூன்று. எண் எந்த எழுத்தளவில் அச்சாகிறதோ, அதன் நிபந்தனையும் அதே அளவில் அச்சாக வேண்டும். சோதனைக்கு வண்டியை நிறுவனம் அனுப்பக் கூடாது. கடையில் நிற்கும் வண்டிகளிலிருந்து சோதனை அமைப்பே ஒன்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். குறை நிரூபணமானால், வழக்குப் போட்டவருக்கு மட்டுமின்றி அந்த ரகத்தை வாங்கிய ஒவ்வொருவருக்கும் இழப்பீடு போய்ச் சேர வேண்டும்.

கார்கள் மனித அறிவின் பெரிய சாதனைகளில் ஒன்று. 469 குதிரைத்திறனில் ஒரு குடும்பக் கார் சத்தமில்லாமல் சீறிப் பாய்வது பொறியாளர்களின் உண்மையான வெற்றி. அந்த உழைப்பின் மேல் விளம்பரத் துறை இல்லாத 231 குதிரைகளைப் பூட்டும்போது, ஏமாறுவது வாடிக்கையாளர் மட்டுமில்லை. அந்த எஞ்சினையும் மோட்டாரையும் இரவு பகலாக உருவாக்கிய பொறியாளர்களும் அவமதிக்கப்படுகிறார்கள். அவர்கள் செய்து முடித்ததை அப்படியே சொன்னால் போதும். வாங்குவதற்கு ஆள் இருக்கிறது.